அம்மா கேஸ் எக்ஸ்பார்ட்டி (நாம ஆஜராகலன்னு எதிர்ப்பார்ட்டி பக்கமே தீர்ப்பு) ஆயிருச்சு, அதுவே ஆப்ல பாத்துதான் தெரிஞ்சுது. இப்ப என்ன பண்றது?

ராகிக்களி_பெங்களூர்:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கங்க. நாங்க தருமபுரி மாவட்டம், தாலுகா பேரு வேணாம், வக்கீல் பேரும் சொல்லப் போறதில்ல. யார் கூடயும் சண்டை போட இத எழுதல, வழி தெரியாமதான் எழுதறேன்.

எங்கப்பா 2009ல அம்மா பேருக்கு 1 ஏக்கர் 20 சென்ட் செட்டில்மென்ட் எழுதி ரிஜிஸ்டர் பண்ணிக் குடுத்தாரு. பட்டாவும் அம்மா பேருலதான் இருக்கு. அப்பா தவறுன பிறகு பெரியப்பா பையன் அது குடும்பப் பொதுச் சொத்து, செட்டில்மென்ட் செல்லாதுன்னு 2021ல முன்சீப் கோர்ட்டுல கேஸ் போட்டுட்டான். கோர்ட்டு அமீனா வந்து சம்மன் குடுத்தாரு, அம்மா பயந்து போயி அடுத்த நாளே டவுனுக்குப் போயி ஒரு வக்கீல வெச்சாங்க. வக்காலத்துல கைநாட்டு, 8000 ரூபா. அதுக்கப்புறம் மாசாமாசம் குமாஸ்தா போன் பண்ணுவாரு, "வாய்தா தள்ளிப் போச்சும்மா, ஜட்ஜம்மா லீவு, செலவுக்கு 500 போடச் சொல்லு பையன". நானும் பெங்களூர்ல இருந்து ஜிபே பண்ணிட்டே இருந்தேன், நாலு வருஷமா.

போன வாரம் ராத்திரி தூக்கம் வரல, ஆபீஸ்ல ஒருத்தன் இ-கோர்ட்ஸ் ஆப் பத்திச் சொன்னது ஞாபகம் வந்து டவுன்லோட் பண்ணேன். கேஸ் நம்பர் தெரியாது, அம்மா பேர அடிச்சா வரல. பேரு கடைசில ஒரு எல்லா ரெண்டு எல்லா, நடுல ஒய் வருமா ஐ வருமான்னு அஞ்சாறு விதமா அடிச்சுப் பாத்தேன், அப்புறம் முதல் நாலு எழுத்த மட்டும் போட்டு வருஷத்தயும் போட்டதும் லிஸ்ட்டுல வந்துருச்சு. தொட்டா "கேஸ் டிஸ்போஸ்டு"ன்னு இருக்கு. எனக்குப் புரியல, ஜெயிச்சுட்டோமான்னு கூட ஒரு நிமிஷம் நெனச்சேன், சிரிக்காதீங்க. கீழ வாய்தா தேதி எல்லாம் வரிசையா இருக்கு, ஒவ்வொரு தேதியயும் தொட்டா அன்னிக்கு கோர்ட்டுல என்ன நடந்துச்சுன்னு ரெண்டு வரி வருது. "ரிட்டன் ஸ்டேட்மென்ட் நாட் ஃபைல்டு" "ரிட்டன் ஸ்டேட்மென்ட் நாட் ஃபைல்டு"ன்னு அதே வரி, அப்புறம் ஒரு நாள் "டிஃபெண்டன்ட் கால்டு ஆப்சென்ட், செட் எக்ஸ்பார்ட்டி". கடைசில போன தை மாசம் டிக்ரீ, அதாவது தீர்ப்பாணை. இப்ப ஆடி. கணக்குப் போட்டா 170 நாள் கிட்ட ஆயிருச்சு. இதுல கொடும என்னன்னா டிக்ரீ ஆன பிறகும் குமாஸ்தா ரெண்டு தடவ 500 வாங்கியிருக்காரு.

அம்மாகிட்ட இன்னும் சொல்லல. மஞ்சப்பைல பத்திரத்த வெச்சுக்கிட்டு வாய்தா எப்ப வாய்தா எப்பன்னு கேட்டுட்டே இருக்காங்க.

நெலம் போயிருச்சா? இனிமே ஏதாவது பண்ண டைம் இருக்கா? இலவச சட்ட உதவின்னு சொல்றாங்களே அது எங்களுக்குக் கிடைக்குமா, நான் சம்பளம் வாங்கறேன். எல்லாத்தயும் ஆன்லைன்லயே பண்ணிர முடியுமா, லீவு கேட்டா மேனேஜர் மொறைக்கிறான்.

ஓசூர்_நைட்ஷிஃப்ட்:

ப்ரோ ஃபீல் பண்ணாதீங்க. உங்க மேட்டர அப்படியே ஏஐ கிட்ட போட்டுக் கேட்டேன், சூப்பரா பதில் குடுத்துச்சு. எக்ஸ்பார்ட்டி டிக்ரீய ரத்து பண்ண 90 நாள் டைமாம், அது முடிஞ்சதால நேரா ஹைகோர்ட்டுதான் போகணுமாம், வக்கீல் மேல ஐபிசி 420 போட்டு எஃப்ஐஆர் குடுக்கலாமாம், 2019ல மெட்ராஸ் ஹைகோர்ட் தீர்ப்பு ஒண்ணு கூட சொல்லுச்சு. வேணும்னா முழுசா போடறேன்.

குமாஸ்தா_ரிட்டயர்டு:

போடாதீங்க தம்பி, அந்த தீர்ப்ப நம்பி யாராச்சும் மனு எழுதிரப் போறாங்க. 32 வருஷம் வக்கீல் ஆபீஸ்ல கேஸ் கட்டு சுமந்தவன் நான், அதனால உரிமையோட சொல்றேன். அந்த 90 நாள் எதிர்வாதவுரை (அதான் ஆப்ல வந்த ரிட்டன் ஸ்டேட்மென்ட்) போடறதுக்கு உண்டான கெடு, 30 நாள், அத கோர்ட்டு நீட்டிச்சா 90 வரைக்கும். எக்ஸ்பார்ட்டி டிக்ரீய செட் அசைடு, அதாவது ரத்து, பண்றதுக்கு கெடு 30 நாள். மெஷின் ரெண்டயும் கலக்கி விட்டுருச்சு. ஐபிசியே 2024 ஜூலை 1ல இருந்து கிடையாது, அதுக்குப் பதிலா பிஎன்எஸ்னு புதுச் சட்டம் வந்துருச்சு, நெலத்துக்கு சிவில் கோர்ட்டுல பண்ண வேண்டியத விட்டுட்டு எஃப்ஐஆர்னு ஓடுனா நாள்தான் போகும். அந்த 2019 தீர்ப்பயும் தேடிப் பாத்தேன், அந்த நம்பர்ல வேற கேஸ் இருக்கு.

ராகிக்களி தம்பிக்கு: மொதல்ல தண்ணி குடிங்க. நெலம் போகல. டிக்ரீ ஆயிருக்கு, அவ்வளவுதான். ஹைகோர்ட்டும் போக வேணாம், டிக்ரீ குடுத்த அதே கோர்ட்டுலயே மனு போடணும். சிவில் நடைமுறைச் சட்டம் ஆர்டர் 9 ரூல் 13. சம்மனே வரலன்னா தெரிஞ்ச நாள்ல இருந்து 30 நாள்னு எண்ணலாம், ஆனா உங்கம்மா சம்மன் வாங்கி வக்காலத்தும் போட்டாச்சு, அதனால டிக்ரீ தேதில இருந்துதான் எண்ணுவாங்க. 30 போக மிச்சம் இருக்கற நாளுக்கு தாமதத்த மன்னிக்கச் சொல்லி லிமிட்டேஷன் சட்டம் செக்‌ஷன் 5ல தனி மனு. ரெண்டு மனுவும் அஃபிடவிட்டோட ஒண்ணா போகும்.

140 நாள் தாமதம்னு பயப்படாதீங்க. என். பாலகிருஷ்ணன் - எம். கிருஷ்ணமூர்த்தின்னு 1998ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு, நம்ம பக்க வக்கீலுங்க செக்‌ஷன் 5 மனுல இத எழுதாம விடமாட்டாங்க. அதுல தாமதம் 883 நாள். அந்த ஆளுக்கும் இதே கதைதான், எக்ஸ்பார்ட்டி டிக்ரீ, வக்கீல் ஒண்ணுமே சொல்லல. எத்தன நாள்ங்கறது முக்கியமில்ல, சொல்ற காரணம் நம்பற மாதிரி இருக்கான்னு பாருன்னு சொல்லி 10,000 ரூபா காஸ்ட் (எதிர்ப்பார்ட்டிக்கு வழக்குச் செலவு) போட்டு மன்னிச்சுட்டாங்க. அதே ஆளு வக்கீல் மேல நுகர்வோர் கோர்ட்டுல போயி 50,000 நஷ்ட ஈடும் வாங்கியிருந்தாரு. அந்தக் கதவு இப்ப மூடிருச்சு, 2024 மே மாசம் சுப்ரீம் கோர்ட்டு வக்கீல் தொழில் நுகர்வோர் சட்டத்துக்குள்ள வராதுன்னு சொல்லிருச்சு. வேணும்னா பார் கவுன்சில்ல புகார் குடுக்கலாம், அட்வகேட்ஸ் ஆக்ட் செக்‌ஷன் 35. ஆனா அது நெலத்த மீட்டுக் குடுக்காது, மொதல்ல மனு, அப்புறம் கோவம்.

இப்ப நீங்க செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கு, உங்களால பெங்களூர்ல உக்காந்தே செய்ய முடியும். குமாஸ்தாவுக்கு ஜிபே பண்ணது எல்லாம் தேதியோட எடுத்து வைங்க. டிக்ரீக்கு அப்புறம் 500 வாங்கினாருன்னு சொன்னீங்களே, அதுதான் உங்க மனுவோட உசுரு. கேஸ் முடிஞ்ச பிறகும் வாய்தா செலவுன்னு காசு வாங்கியிருக்கான்னா கட்சிக்காரருக்கு முடிஞ்சது தெரியாதுன்னுதான அர்த்தம். வாட்ஸ்அப்புல வாய்ஸ் மெசேஜ் ஏதும் இருந்தா அழிச்சுராதீங்க, போனையும் மாத்தாதீங்க. போன்ல இருக்கறத கோர்ட்டுல சாட்சியமா வெக்கணும்னா சர்டிஃபிகேட் வேணும், முன்ன 65பின்னு சொல்லுவோம், இப்ப புது சாட்சியச் சட்டத்துல செக்‌ஷன் 63. அத வக்கீல் பாத்துக்குவாரு.

என் தொழில் ஆளு ஒருத்தன் இப்படிப் பண்ணியிருக்கான்னு படிக்கும்போது கூச்சமா இருக்கு. எல்லாரும் அப்படி இல்ல தம்பி.

ராகிக்களி_பெங்களூர்:

ஐயா ரொம்ப நன்றி. வாய்ஸ் மெசேஜ் ரெண்டு இருக்கு, "அடுத்த மாசம் 12 தேதி போட்ருக்காங்க சார்"னு. அந்த மாசத்துல கேஸே இல்ல. இப்பதான் நோண்டி எடுத்தேன்.

பழைய வக்கீல் கட்டு தரலன்னா? பாக்கி பீஸ் இருக்குன்னு சொன்னாருன்னா?

குமாஸ்தா_ரிட்டயர்டு:

பீஸுக்காக கட்ட பிடிச்சு வெக்கக் கூடாதுன்னு 2000லயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லியாச்சு. மரியாதையா போயி கேளுங்க, புது வக்காலத்துல நோ அப்ஜெக்‌ஷன் எழுதி கையெழுத்து போடச் சொல்லுங்க, 10ல 9 பேரு போட்டுருவாங்க. போடலன்னா கோர்ட்டுல பர்மிஷன் மனு போட்டு மாத்திக்கலாம். ஆப்ல டவுன்லோட் ஆகற டிக்ரீ படிச்சுப் பாக்கத்தான், கோர்ட்டுல குடுக்க நகல் மனு போட்டு முத்திரை நகல் வாங்கணும், நாளைக்கே போடுங்க.

காரிமங்கலத்து_அக்கா:

தம்பி, நான் சட்டத் தன்னார்வலரா இருக்கேன், பிஎல்வின்னு சொல்லுவாங்க, ஐடி கார்டு மாட்டிக்கிட்டு கேம்புல உக்காந்திருப்போமே அவங்கதான். நீங்க சம்பளம் வாங்கறீங்களான்னு யாரும் கேக்க மாட்டாங்க. கேஸ் அம்மா பேருல. சட்டப் பணிகள் ஆணைக்குழு சட்டம் 1987, செக்‌ஷன் 12ல பெண்கள்னு மட்டும்தான் போட்டிருக்கு, ஏழைப் பெண்கள்னு போடல. வருமான வரம்பு பெண்களுக்குக் கிடையாது, குழந்தைங்க, எஸ்சி எஸ்டி, மாற்றுத்திறனாளி, ஜெயில்ல இருக்கறவங்க இவங்களுக்கும் கிடையாது. இத நான் கூட்டத்துக்கு கூட்டம் சொல்றேன், இன்னிக்கும் "வருமானச் சான்று எங்கம்மா வாங்கறது"ன்னுதான் முதல் கேள்வி வருது. இ-சேவைல வரிசைல நின்னு அத வாங்கிட்டு வந்து நீட்டுவாங்க பாவம், தேவையே இல்லாதது.

நால்சா (தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு) வெப்சைட்லயும் ஆப்லயும் ஆன்லைன்ல விண்ணப்பிக்கலாம், மாநிலம் மாவட்டம் தேர்ந்தெடுத்தா நம்ம மாவட்ட ஆணைக்குழுவுக்கே வந்து சேரும், 15100ன்னு போன் நம்பரும் இருக்கு. 7 நாளுக்குள்ள முடிவு பண்ணணும்னு விதி. ஆனா உங்களுக்கு நான் சொல்றது, ஆன்லைன்ல போட்டுட்டு பெங்களூர்லயே இருந்துராதீங்க. ஒரு நாள் லீவு போட்டு அம்மாவ கூட்டிட்டு நேர்லயும் போங்க. ஏன்னா ஆன்லைன் ஃபார்ம்ல "உங்கள் பிரச்சனை"ன்னு ஒரு பெட்டி இருக்கும், அதுல ஜனங்க எழுதறத பாத்தா "நெலம் பிரச்சன உதவி செய்யவும்"னு இருக்கும். அத வெச்சு யாரு என்ன பண்ணுவாங்க. நேர்ல போனா பத்திரம், சம்மன், ஆப்ல எடுத்த பிரிண்ட் எல்லாம் பாத்துட்டு அவசரம்னு புரிஞ்சு அன்னிக்கே பேனல் வக்கீல (அவங்க பட்டியல்ல இருக்கற வக்கீல) சொல்லிருவாங்க. கேஸ் உங்க தாலுகா கோர்ட்டுலதான, அப்ப வட்ட சட்டப் பணிகள் குழுவே அந்த வளாகத்துல இருக்கும், தருமபுரி வரைக்கும் வரணும்னு கூட இல்ல. வக்கீல் பீஸ், கோர்ட்டு ஸ்டாம்பு, நகல் செலவு எல்லாம் அவங்களே பாத்துக்குவாங்க. பேனல் வக்கீல் உங்ககிட்ட தனியா காசு கேக்கக் கூடாது, கேட்டா மாவட்ட ஆணைக்குழு செயலாளர்கிட்ட சொல்லுங்க, அவரும் ஒரு ஜட்ஜுதான்.

இன்னொண்ணு, அம்மாகிட்ட மறைக்காதீங்க. அஃபிடவிட்டுல கைநாட்டு வெக்கப் போறது அவங்க. படிச்சுக் காட்டி புரிய வெச்ச பிறகுதான் வெக்கணும்.

ஊத்தங்கரை_சென்டர்:

நான் கிருஷ்ணகிரி மாவட்டம், ஊத்தங்கரை பக்கம் சிஎஸ்சி (பொதுச் சேவை மையம்) சென்டர் வெச்சிருக்கேன். டெலி-லா (போன்ல சட்ட ஆலோசனை தர்ற அரசுத் திட்டம்) பத்தி யாரும் சொல்லலயே, நான் சொல்றேன். 2017ல வடக்க சில மாநிலத்துலதான் ஆரம்பிச்சாங்க, அப்புறம் எல்லா இடத்துக்கும் வந்துச்சு. சென்டருக்கு வந்தா பேரு, பிரச்சன என்னன்னு பதிஞ்சு விடுவேன், ஒரு நேரம் குடுப்பாங்க, அந்த நேரத்துக்கு பேனல் வக்கீல் போன்லயோ வீடியோலயோ தமிழ்லயே பேசுவாங்க. 2021ல இருந்து அதுக்குத் தனி ஆப்பும் இருக்கு, 14454ன்னு நம்பரும் இருக்கு, சென்டருக்கே வர வேணாம். ஆலோசனைக்கு காசு கிடையாது.

ஆனா ஒண்ணு புரிஞ்சுக்கங்க. அது ஆலோசனை மட்டும். அந்த வக்கீல் உங்க கோர்ட்டுல வந்து நிக்க மாட்டாரு. என்கிட்ட வர்றவங்க பாதிப் பேரு அத ஏதோ உதவித்தொகைன்னு நெனச்சு பாஸ்புக் எடுத்துட்டு வர்றாங்க. போன மாசம் ஒரு பாட்டி, மகன் சோறு போடலன்னு. வக்கீலம்மா 20 நிமிஷம் பொறுமையா பேசுனாங்க, மூத்த குடிமக்கள் சட்டம் 2007, ஆர்டிஓகிட்ட (வருவாய் கோட்டாட்சியர்) மனு குடுங்க, வக்கீலே வேணாம்னு. பாட்டி எல்லாத்துக்கும் தலையாட்டிட்டு போனை என்கிட்ட குடுத்துட்டு, "யாரு சாமி அது, நல்ல புள்ளயா பேசுச்சு, ஆனா எங்க இருந்து பேசுச்சு"ன்னு கேட்டுச்சு. அப்புறம் நானே வெள்ளப் பேப்பர்ல மனு எழுதிக் குடுத்து பஸ் ஏத்தி விட்டேன். அதான் நடைமுறை. போன் பாதி தூரம் கொண்டு விடும், மீதிக்கு யாராச்சும் கூட நடக்கணும்.

நீங்க அவசியம் பண்ண வேண்டிய இன்னொரு வேலை: அந்த டிக்ரீய வெச்சு உங்க பெரியப்பா பையன் தாசில்தார் ஆபீஸ்ல பட்டா மாத்த மனு போட்டுருவான். உடனே ஆன்லைன்ல சிட்டா எடுத்து பேரு மாறலயான்னு பாருங்க, சர்வே நம்பர் உட்பிரிவு நம்பர் போட்டா வந்துரும். அப்படியே பதிவுத்துறை வெப்சைட்ல ஈசி போட்டுப் பாருங்க, வில்லங்கம் பாக்க காசு இல்ல, அந்த டிக்ரீய ரிஜிஸ்டர் பண்ணியிருந்தா அதுல தெரிஞ்சுரும். பட்டா இன்னும் அம்மா பேருல இருந்தா, மனு போட்டாச்சு, கோர்ட்டுல நிலுவைல இருக்குன்னு தாசில்தாருக்கு ஆட்சேபனை எழுதிக் குடுத்து ரசீது வாங்கிருங்க. வாரம் ஒருக்கா சிட்டாவ பாத்துக்கிட்டே இருங்க.

ஓசூர்_நைட்ஷிஃப்ட்:

ஏஐய நம்பி அசிங்கப்பட்டாச்சு, விடுங்க. ஒரு டவுட்டு, இவ்வளவு ஆப் இருக்கே, கொரோனா அப்ப வீடியோல எல்லாம் கோர்ட்டு நடந்துச்சே, இவங்கம்மா வீட்ல இருந்தே ஆஜராக முடியாதா?

குமாஸ்தா_ரிட்டயர்டு:

2020ல ஹைகோர்ட்டு அதுக்கு ரூல்ஸே போட்டுச்சு, இன்னிக்கும் ஜட்ஜ் அனுமதிச்சா முடியும். ஆனா இந்த மாதிரி மனுவுக்கு வக்கீல் நின்னாலே போதும், அம்மாவுக்கு அலைச்சல் இல்ல. அப்புறம் கேஸ் திரும்ப உயிர் வந்து சாட்சி சொல்ற கட்டம் வந்தா நேர்ல போறதுதான் நல்லது, கூண்டுல நின்னு "இது என் நெலம்"னு ஒரு கிழவி சொல்றத ஜட்ஜ் கண்ணால பாக்கணும். ஸ்க்ரீன்ல பாத்தா நெட்டு சுத்திட்டு நிக்கும்.

மலங்காட்டு_வாத்தியார்:

நெட்டு பத்தி சொன்னீங்க பாருங்க. நான் அரூர் பக்கம், சித்தேரி மலைல பள்ளிக்கூடம் நடத்துனவன். மேல சில ஊர்ல போன் பேசணும்னாலே பாறை மேல ஏறணும், அங்க போயி ஆப்ல விண்ணப்பி, வீடியோல வக்கீல்கிட்ட பேசுன்னா யாருக்குச் சொல்றீங்க. பொம்பளைங்ககிட்ட போனே இருக்காது, வீட்டுக்காரன் கையில இருக்கும், அவன் மேலயே புகார்னா எங்க போயி பேசறது.

சட்ட உதவின்னா எனக்கு எங்க மலை அடிவாரத்து வாச்சாத்திதான் ஞாபகம் வரும். 1992 ஜூன் 20, சந்தனக் கட்டை தேடறோம்னு வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறைன்னு மூணும் சேந்து ஊருக்குள்ள போனாங்க. என்ன நடந்துச்சுன்னு உங்களுக்கெல்லாம் தெரியும், 18 பொண்ணுங்கள பாலியல் வன்கொடுமை பண்ணாங்க. அன்னிக்கு ஆப்பும் இல்ல ஹெல்ப்லைனும் இல்ல, புகார வாங்கவே ஆளில்ல. மலைவாழ் மக்கள் சங்கம்தான் கோர்ட்டுக்கு கொண்டு போச்சு, அப்புறம் சிபிஐ வந்துச்சு. 269 பேரு மேல குற்றப்பத்திரிகை, 2011 செப்டம்பர் 29ல தருமபுரி கோர்ட்டுல தீர்ப்பு வந்தப்ப 54 பேரு செத்தே போயிருந்தாங்க, மிச்சம் இருந்த 215 பேருக்கும் தண்டனை. அப்பீல் முடிய இன்னும் 12 வருஷம், 2023ல அதே செப்டம்பர் 29, ஹைகோர்ட்டு தண்டனைய உறுதி பண்ணி ஒவ்வொரு பொண்ணுக்கும் 10 லட்சம்னு சொல்லுச்சு. 31 வருஷம். அந்தப் பொம்பளைங்க வாய்தாவுக்கு பஸ் ஏறி ஏறி வந்தாங்க, பிள்ளை பெத்தாங்க பேரன் எடுத்தாங்க, அப்பவும் வந்தாங்க. அவங்களுக்கு வாய்தா தேதிய சங்கத்து ஆளு வீட்டு வாசல்ல வந்து சொல்லிட்டுப் போவாரு, அதுதான் அன்னிக்கு எஸ்எம்எஸ்.

ஆப் வேணாம்னு நான் சொல்ல வரல. இந்தத் தம்பிக்கு ஆப் இல்லன்னா இன்னும் ரெண்டு வருஷம் 500 அனுப்பிட்டேதான் இருந்திருப்பாரு. ஆனா மெஷின வெச்சுட்டோம் இனி நீதி தானா வரும்னு மேடைல பேசும்போதுதான் எரிச்சலா வருது.

காரிமங்கலத்து_அக்கா:

வாத்தியாரய்யா சொல்றது நிஜம். மலை ஊருக்கு நாங்க கேம்புக்குப் போனா முதல்ல ஆம்பளைங்கதான் வந்து உக்காருவாங்க. பொம்பளைங்க பேசணும்னா ரேஷன் கடைக்கிட்டயோ நூறு நாள் வேலை நடக்கற இடத்துலயோ போயி நிக்கணும். பெண்கள் உதவி எண் 181க்கு போன் பண்ணுங்கன்னு நோட்டீஸ் குடுத்தா மடிச்சு சுருக்குப் பைல வெச்சுக்குவாங்க, பண்றது ரொம்பக் கம்மி.

மாங்கா_மண்டி:

எல்லாம் சரி. கோர்ட்டு கோர்ட்டுன்னு எத்தன வருஷம் அலையறது, பெரியப்பா பையன்தான, லோக் அதாலத்துல (மக்கள் நீதிமன்றம்) உக்காந்து பேசி முடிச்சுக்கங்க. எங்க மாமா கேஸு 9 வருஷம் ஓடுனது ஒரே நாள்ல முடிஞ்சுது, கட்டுன கோர்ட் ஃபீஸும் திரும்பி வந்துச்சு.

குமாஸ்தா_ரிட்டயர்டு:

நல்ல யோசனைதான், ஆனா நேரம் இது இல்ல. இப்ப டிக்ரீ அவன் கையில இருக்கு, அவன் எதுக்கு இறங்கி வருவான், கால் ஏக்கர் தர்றேன்னு பிச்சை போடற மாதிரி பேசுவான். மொதல்ல டிக்ரீ ரத்தாகட்டும், அப்புறம் ரெண்டு பேரும் சமமா உக்காந்து பேசலாம். மக்கள் நீதிமன்றத்துல முடிஞ்சா அது கோர்ட்டு டிக்ரீ மாதிரியே, அப்பீல் கிடையாது. அதனால கையெழுத்துக்கு முன்னாடி ஒவ்வொரு சென்ட்டும் நாலு எல்லையும் படிச்சுப் பாக்கணும்.

ராகிக்களி_பெங்களூர்:

மூணு வாரம் ஆச்சு, அப்டேட் போடறேன், நிறைய பேரு இன்பாக்ஸ்ல கேட்டீங்க.

ரெண்டு நாள் லீவு போட்டு வந்தேன். அம்மாகிட்ட சொன்னேன். அழுவாங்கன்னு நெனச்சேன், அழல, "அந்த 500 எல்லாம் சேத்தா எவ்வளவுடா ஆச்சு"ன்னு மட்டும் கேட்டாங்க. அக்கா சொன்ன மாதிரி நேரா தாலுகா கோர்ட்டு வளாகத்துல வட்டக் குழுவுக்குப் போனோம். வருமானச் சான்று கேக்கல. ஆதார், சம்மன், பத்திரம், ஆப்ல எடுத்த 14 பக்கம் பிரிண்ட். அத பாத்துட்டு அங்க இருந்தவரே "நல்ல வேள இத எடுத்துட்டு வந்தீங்க"ன்னாரு. ஆறாவது நாள் பேனல் வக்கீல் போட்டுட்டாங்க, ஒரு லேடி அட்வகேட். பழைய வக்கீல் ஆபீஸுக்கு நானும் அம்மாவும் போனோம், அவரு தலைய நிமுத்தவே இல்ல, நோ அப்ஜெக்‌ஷன் எழுதிக் குடுத்துட்டு கட்டயும் குடுத்துட்டாரு. கட்டுக்குள்ள டைப் அடிச்ச எதிர்வாதவுரை ரெடியா இருக்குங்க, அம்மா கைநாட்டோட, 2022 தேதி போட்டு. தாக்கல் மட்டும் பண்ணல. அத பாத்ததும்தான் எனக்கு வயிறு எரிஞ்சுது.

புது வக்கீல் அது நல்லதுதான்னு சொன்னாங்க, கட்சிக்காரர் தன் வேலைய செஞ்சுட்டாங்கன்னு காட்ட இது போதும்னு. மனு இ-ஃபைலிங்ல போட்டாங்க, ஸ்கேன் பண்ணதுல ஒரு பக்கத்துல கைநாட்டு மங்கலா இருக்குன்னு ஒரு தடவ ரிட்டர்ன் ஆச்சு, கோர்ட்டுலயே இருக்கற இ-சேவா மையத்துல திரும்ப ஸ்கேன் போட்டுக் குடுத்தாங்க. இப்ப நம்பர் ஆயிருச்சு, எதிர்ப்பார்ட்டிக்கு நோட்டீஸ் போயிருக்கு. டிக்ரீய நிறுத்தி வெக்கச் சொல்லியும் ஒரு மனு. சிட்டா அம்மா பேருலதான் இருக்கு, ஈசில ஒண்ணும் ஏறல, தாசில்தார் ஆபீஸ்ல ஆட்சேபனை குடுத்து சீல் வாங்கியாச்சு. செக்‌ஷன் 5 மனு என்ன ஆகும்னு தெரியல, அவன் கவுன்ட்டர் (பதில் மனு) போடுவான்.

இன்னொரு விஷயம். அம்மாகிட்ட இருக்கறது பட்டன் போன், ஆப் எல்லாம் ஆகாது. வக்கீலம்மாதான் சொன்னாங்க, எஸ்எம்எஸ்லயே கேக்கலாம், ஈகோர்ட்ஸ்னு இங்கிலீஷ்ல அடிச்சு இடம் விட்டு 16 இலக்க சிஎன்ஆர் நம்பர (ஒவ்வொரு கேஸுக்கும் உள்ள தனி நம்பர்) போட்டு 9766899899க்கு அனுப்புனா வாய்தா தேதி திரும்பி வரும்னு. அம்மாவுக்கு இங்கிலீஷ் அடிக்க வராது. பக்கத்து வீட்ல ஏழாவது படிக்கற பாப்பா ஒரு தடவ அடிச்சு டிராஃப்ட்ல சேவ் பண்ணி வெச்சிருக்கு, அம்மா அத திறந்து அனுப்பறது மட்டும்தான். நாள் காட்டி அட்டைக்குப் பின்னாடியும் அந்த 16 எழுத்தயும் பாப்பாவே ஸ்கெட்ச்ல பெருசா எழுதி ஒட்டியிருக்கு.

நேத்து காலைல நான் டீ குடிச்சுட்டு இருக்கேன், அம்மா போன். "வாய்தா மாறலடா, அதே தேதிதான் காட்டுது." இங்கிலீஷ் படிக்கத் தெரியாம எப்படிம்மான்னு கேட்டா, "நம்பர் எல்லா ஊர்லயும் ஒண்ணுதானடா"ங்கறாங்க. தினமும் அனுப்பறாங்க போல, ரீசார்ஜ் சீக்கிரம் தீந்து போச்சு, வாரம் ஒரு தடவ போதும்னு சொன்னேன், கேக்கற மாதிரி இல்ல.

செட் அசைடு ஆனா வந்து சொல்றேன்.